திமிங்கல வேட்டையும் மீனவ ஊர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வணிகத்துக்காகத் திமிங்கலம் பிடிக்கலாமா கூடாதா என்ற சண்டை மாநாட்டு மேடையில் ஒரு மாதிரியும் படகுத்துறையில் வேறு மாதிரியும் நடக்கிறது. துறையில் இருப்பவர்கள் கேட்பது: யாருடைய படகு, யாருக்குக் கூலி, கறியை எடுப்பது யார்? இந்தப் பக்கத்தில் அந்தக் கேள்விகளுக்கே அதிக இடம்.

இன்றைக்கு வணிகத்துக்காகத் திமிங்கலம் பிடிப்பவர்கள் யார்?

அரசு அனுமதியோடு பிடிப்பவை மூன்று நாடுகள்தான்: நார்வே, ஜப்பான், ஐஸ்லாந்து. மூன்றையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

நார்வேயில் இது மீன்பிடிப் படகுகளின் கோடைத் தொழில். பிடிபடுவது மின்கே என்ற சிறிய வகை மட்டும்; ஏழிலிருந்து ஒன்பது மீட்டர் நீளம், ஐந்து முதல் எட்டு டன் எடை. ஜப்பானில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, அபஷிரி, அயுகாவா, வாடா, தைஜி போன்ற ஊர்களைச் சேர்ந்த சிறு படகுகள் கரையோரத்தில் பிடிப்பது. இன்னொன்று, ஷிமோனோசெகியை மையமாகக் கொண்ட தாய்க்கப்பல் வேட்டை; பிடித்ததைக் கடலிலேயே அறுக்கும் பெரிய கப்பல் அது. ஐஸ்லாந்தில் இப்போது மிச்சமிருப்பது ஃபின் திமிங்கலம் பிடிக்கும் ஒரே ஒரு கம்பெனி. ஃபின் இருபது மீட்டரைத் தாண்டும். நீலத் திமிங்கலத்துக்கு அடுத்த பெரிய உயிரினம் அதுதான்.

ஆகவே "மீனவர்களின் வாழ்வாதாரம்" என்ற வாதம் நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளின் மீன்படகுக்குப் பொருந்தும் அளவுக்கு ஜப்பானியத் தாய்க்கப்பலுக்குப் பொருந்தாது.

1982லேயே தடை வந்துவிட்டதே? பிறகு எப்படிப் பிடிக்கிறார்கள்?

"தடை" என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு பூஜ்யம். 1946 டிசம்பரில் வாஷிங்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி அமைந்த சர்வதேசத் திமிங்கல ஆணையம், எந்த இனத்தில் எத்தனை பிடிக்கலாம் என்று ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. 1982ல் நடந்த வாக்கெடுப்பில், 1985-86 பருவம் முதல் வணிக வேட்டைக்கான எண்கள் எல்லாம் பூஜ்யம் என்று எழுதினார்கள். ஆதரவு 25, எதிர்ப்பு 7, வாக்களிக்காதவர்கள் 5. அட்டவணையில் ஓர் எண்ணை மாற்ற நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். அந்தப் பூஜ்யத்தை மாற்ற அவ்வளவு வாக்கு இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.

அதே ஒப்பந்தத்தில் ஒரு கதவும் திறந்தே இருக்கிறது. முடிவு அறிவிக்கப்பட்ட 90 நாளுக்குள் ஆட்சேபம் பதிவு செய்யும் நாட்டை அந்த முடிவு கட்டுப்படுத்தாது. நார்வே ஆட்சேபித்தது, அதை இன்றுவரை விலக்கவில்லை. 1987 பருவத்தோடு வணிக வேட்டையை நிறுத்திவைத்துவிட்டு 1993ல் திரும்பத் தொடங்கியது. சட்டப்படி அது குற்றம் செய்யவில்லை. "நார்வே தடையை மீறுகிறது" என்று எழுதுவது தவறு.

ஐஸ்லாந்து ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபிக்க வேண்டாம் என்று அதன் நாடாளுமன்றம் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் முடிவெடுத்தது. பின்னால் மனம் மாறி 1992ல் ஆணையத்தை விட்டு வெளியேறி, 2002ல் தடைக்கு மறுப்புக் குறிப்போடு மீண்டும் சேர்ந்து, 2006ல் வணிக வேட்டையைத் தொடங்கியது. கடைக்கு வெளியே போய்ப் பக்கத்து வாசல் வழியாக உள்ளே வந்த கதை.

ஜப்பான் முதலில் ஆட்சேபித்தது, அமெரிக்க நெருக்கடியில் விலக்கிக்கொண்டது, பிறகு முப்பது வருடம் "ஆராய்ச்சி அனுமதி" என்ற பெயரில் பிடித்தது. ஆஸ்திரேலியா தொடுத்த வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 2014 மார்ச் 31 அன்று, அண்டார்க்டிகாவில் நடந்த அந்தத் திட்டம் அறிவியல் நோக்கத்துக்கானதாக இல்லை என்று தீர்ப்பளித்தது. 2018ல் வணிக வேட்டையை மீண்டும் அனுமதிக்கக் கேட்ட ஜப்பானின் தீர்மானம் 27க்கு 41 என்று தோற்றது. அதன் பிறகு ஜப்பான் ஆணையத்தை விட்டே வெளியேறியது; 2019 ஜூன் 30ல் அந்த வெளியேற்றம் நடைமுறைக்கு வந்தது. மறுநாளே குஷிரோவிலிருந்தும் ஷிமோனோசெகியிலிருந்தும் படகுகள் கிளம்பின. இதில் பலரும் கவனிக்காத ஒன்று: வெளியேறியதோடு அண்டார்க்டிக் வேட்டையையும் ஜப்பான் விட்டுவிட்டது. இப்போது பிடிப்பது அதன் சொந்தக் கடல் எல்லைக்குள் மட்டும்.

அமெரிக்க நெருக்கடி என்றால் என்ன? மீனவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். ஆணையத்தின் முடிவைக் குலைக்கும் நாட்டின் மீன் பொருட்களை இறக்குமதி செய்வதை நிறுத்த 1971ன் பெல்லி திருத்தம் வழிசெய்தது. 1979ன் பேக்வுட்-மேக்னுசன் திருத்தம் அப்படிப்பட்ட நாட்டுக்கு அமெரிக்கக் கடல் எல்லைக்குள் தரப்படும் மீன் ஒதுக்கீட்டைப் பாதியாவது வெட்டச் சொன்னது. அலாஸ்கா கடலில் பொல்லாக் மீன் பிடித்த ஜப்பானியக் கப்பல்களுக்கு அது பெரிய அடி. திமிங்கலமா மீனா என்று கணக்குப் போட்டு ஜப்பான் ஆட்சேபத்தை விலக்கியது. ஆனால் அமெரிக்கா தன் கடலைத் தன் மீனவர்களுக்கே ஒதுக்கிக்கொண்டு போனதில், 1988 வாக்கில் ஜப்பானின் மீன் ஒதுக்கீடும் இல்லாமல் போனது. ஜப்பானிய மீன்வளத் துறையில் அமெரிக்கப் பேச்சை நம்பக் கூடாது என்ற கசப்பு இன்றும் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

மீனவர் என்றாலே வேட்டைக்கு ஆதரவுதானா?

இல்லை. வரலாறு நேர் எதிராகவும் இருந்திருக்கிறது.

1903ல் நார்வேயின் வடகோடியில் மெஹாம்ன் என்ற ஊரில் மீனவர்கள் திரண்டு திமிங்கல ஆலையை உடைத்து நொறுக்கினார்கள். கேப்லின் என்ற சிறுமீனையும் அதைத் துரத்திவரும் காட் மீனையும் கரைப்பக்கம் ஓட்டிவருவது திமிங்கலம்தான், அதைக் கம்பெனிகள் கொன்றுவிட்டால் மீன் கரைக்கு வராது என்பது அவர்கள் நம்பிக்கை. கலவரத்தை அடக்கப் படை வந்தது. ஆனால் அடுத்த வருடமே வட நார்வேக் கரையோரத்தில் திமிங்கல வேட்டைக்குப் பத்தாண்டுத் தடையும் வந்தது.

1911ல் ஜப்பானின் ஹாச்சினோஹே அருகே சமே என்ற இடத்தில் மீனவர்கள் திமிங்கல ஆலைக்குத் தீ வைத்தார்கள். அங்கே திமிங்கலம் மீன்வளம் கொண்டுவரும் எபிசு தெய்வத்தின் வடிவம். மத்தியைக் கரைக்கு விரட்டித் தருவது. ஆலையிலிருந்து கடலில் கலந்த இரத்தமும் எண்ணெயும் மீனைக் கெடுத்தது அதற்கு மேல்.

அன்று திமிங்கலம் மீனை ஓட்டித் தருகிறது என்றார்கள். இன்று அதே ஊர்ப்பக்கங்களில் திமிங்கலம் மீனைத் தின்று தீர்க்கிறது என்கிறார்கள். மாறியது திமிங்கலத்தின் பழக்கம் அல்ல. அன்று வேட்டை வெளியூர்க் கம்பெனியின் கையில் இருந்தது, பிறகு உள்ளூர்ப் படகின் கைக்கு வந்தது.

சரி, திமிங்கலம் மீனைத் தின்று தீர்க்கிறதா இல்லையா?

தின்கிறது, தீர்க்கிறதா என்பதுதான் கேள்வி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1990களின் ஆய்வுப்படி வடகிழக்கு அட்லாண்டிக்கில் சுமார் 85,000 மின்கே திமிங்கலங்கள் வருடத்துக்குச் சுமார் 18 லட்சம் டன் இரை எடுத்தன. அதில் மூன்றில் ஒரு பங்கு கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிர். இன்னொரு மூன்றில் ஒரு பங்கு ஹெர்ரிங் என்ற மீன். மீதியில் காட், கேப்லின் முதலியவை. தலைக்கு ஏறக்குறைய 21 டன். ஒரு பருவத்தில் 500 திமிங்கலத்தைப் பிடித்தால் அவை தின்றிருக்கக்கூடிய இரை 10,500 டன். அதில் மூவாயிரத்துச் சொச்சம் டன் கிரில், அதை அங்கே யாரும் வலை போட்டுப் பிடிப்பதில்லை. 2024ல் நார்வேக்கு வடக்கே உள்ள பேரண்ட்ஸ் கடலின் காட் ஒதுக்கீடு மட்டும் 4.5 லட்சம் டன். இந்த அளவு வேட்டையால் மீனவரின் வலையில் வித்தியாசம் தெரியாது. தெரியும்படி குறைக்க வேண்டுமென்றால் பல்லாயிரக்கணக்கில் கொல்ல வேண்டும். அதை நார்வே அரசே கேட்கவில்லை.

இரண்டாவது சிக்கல், திமிங்கலம் விட்டுவைத்த மீன் நேரே வலைக்கு வராது. பெரிய காட் சிறிய காட்டைத் தின்னும், ஹெர்ரிங் கேப்லின் குஞ்சைத் தின்னும். ஹெர்ரிங்கைத் தின்னும் திமிங்கலத்தைக் கொன்றால் ஹெர்ரிங் கூடி, கேப்லின் குறைந்து, அதை நம்பிய காட் மெலியலாம். தென்கடலில் திமிங்கலங்களைத் துடைத்தெடுத்த பிறகு கிரில் பெருகும் என்று எதிர்பார்த்தார்கள், அப்படி நடக்கவில்லை. திமிங்கலக் கழிவிலிருந்த இரும்புச்சத்து கடலின் மேற்பரப்புப் பாசிக்கு உரமாக இருந்தது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

வேட்டையை ஆதரிக்க நியாயமான வாதங்கள் இருக்கின்றன. "மீனைக் காப்பாற்ற" என்பது அவற்றில் பலவீனமானது.

எண்ணிக்கை நிலவரம் என்ன? அழிந்துவிடாதா?

இனத்துக்கு இனம் வேறு. வடகிழக்கு அட்லாண்டிக் மின்கே ஒரு லட்சம் அளவில் இருக்கிறது. சில நூறு பிடிப்பதால் அது அழியாது. இதை வேட்டையை எதிர்க்கும் விஞ்ஞானிகள் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். வட அட்லாண்டிக் ஃபின் திமிங்கலமும் மீண்டுவருகிறது. எல்லாத் திமிங்கலமும் அழிவின் விளிம்பில் என்ற பேச்சு இங்கே எடுபடாது.

ஆனால் நம்பிக்கையின்மைக்கு வலுவான காரணம் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் கொல்லப்பட்ட பெரிய திமிங்கலங்கள் ஏறக்குறைய 29 லட்சம். ஆணையம் இருந்தபோதே நடந்ததுதான் இதில் கணிசம். அப்போது ஒதுக்கீட்டை "நீலத் திமிங்கல அலகு" என்று அளந்தார்கள்: ஒரு நீலம் = இரண்டு ஃபின் = இரண்டரை கூன்முதுகு = ஆறு சேய் (கூன்முதுகும் சேயும் வேறு இரண்டு பெரிய இனங்கள்; சேய் என்றால் இங்கே குட்டி அல்ல). கப்பல்காரர் எந்த இனத்தைப் பிடித்தாலும் அலகு சரியாக இருந்தால் போதும். ஒரு நீலத்தைப் பிடிப்பது ஆறு சேயைத் துரத்துவதைவிட மலிவு என்பதால் முதலில் நீலம், அது அரிதானதும் ஃபின், பிறகு சேய் என்று வரிசையாக வழித்தெடுத்தார்கள். அளவுகோல் பிழையாக இருந்தால் ஒழுங்காகக் கணக்கு வைத்தும் கடலைக் காலி செய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. போதாக்குறைக்கு, சோவியத் கப்பல்கள் கணக்கில் காட்டாமல் பிடித்தது மட்டும் சுமார் 1,80,000.

பின்னால் ஆணையத்தின் அறிவியல் குழு புதிய கணக்கு முறை ஒன்றை உருவாக்கி, 1994ல் ஆணையம் அதை ஏற்றது. எண்ணிக்கை மதிப்பீட்டில் எவ்வளவு ஐயம் இருக்கிறதோ அவ்வளவு ஒதுக்கீட்டைக் குறைப்பது அதன் சாரம். முறையை ஏற்றார்களே தவிர, அதை வைத்து எண் தர உறுப்பு நாடுகள் சம்மதிக்கவில்லை. பாதிப்பேருக்கு எண்ணிக்கை பிரச்சினையே இல்லை, கொல்வதுதான் பிரச்சினை. இதை வெளிப்படையாகச் சொல்லாமல் எண்ணிக்கை பின்னால் ஒளிந்துகொண்டதால்தான் விவாதம் முப்பது வருடமாகச் சுற்றிச் சுற்றி வருகிறது.

படகில் வேட்டை எப்படி நடக்கிறது?

நார்வே முறையைச் சொன்னால் மற்றவை விளங்கும்.

குளிர்காலத்தில் காட் பிடித்த அதே படகு. ஏப்ரல் வாக்கில் வலைச் சாமான்களை இறக்கிவிட்டு, முன்மூக்கில் 50 அல்லது 60 மில்லிமீட்டர் ஈட்டித் துப்பாக்கியைப் பொருத்துகிறார்கள். சுடுபவர் பெரும்பாலும் படகின் தலைவரே; ஒவ்வொரு வருடமும் சுடும் தேர்வில் தேறினால்தான் அனுமதி. பாய்மரக் கூண்டில் ஒருவர் காவல். மின்கேயின் மூச்சு பெரிதாகப் பீய்ச்சாது. இரண்டு மூன்று தரம் முதுகைக் காட்டிவிட்டு சில நிமிடம் உள்ளே போய்விடும். கடல் கொஞ்சம் கலங்கினாலும் கண்ணில் படாது. காற்றடிக்கும் நாள் வீண் நாள்.

கண்டதும் துரத்துவதில்லை. எஞ்சினைத் தணித்து, அடுத்து எங்கே எழும்பும் என்று கணித்து அங்கே போய் நிற்க வேண்டும். முப்பது மீட்டர் வாக்கில், பக்கவாட்டில், மார்புப் பகுதியைக் குறிவைத்துச் சுடுகிறார்கள். ஈட்டியின் முனையில் 30 கிராம் பென்த்ரைட் வெடிமருந்து கொண்ட குண்டு. முனை தோலைக் கிழித்து உள்ளே போகும்போது ஒரு கொக்கி கொழுப்பில் மாட்டி இழுபடும், உடலுக்குள் ஆழத்தில் குண்டு வெடிக்கும். வெடியின் அழுத்த அலை மூளையைத் தாக்குவதால்தான் உடனடி மரணம். வெடிக்காத வெற்று ஈட்டியால் அது நடப்பது அபூர்வம். உயிர் இருந்தால் முடிக்கப் பெரிய ரகத் துப்பாக்கி கையருகே தயாராக இருக்கும்.

பிறகு வின்ச் போட்டு வாலைப் பிடித்து மேல்தளத்துக்கு ஏற்றி, அங்கேயே அறுக்கிறார்கள். ஒரு மின்கேயில் ஒன்று முதல் ஒன்றரை டன் கறி தேறும். கறியைப் பெரும் துண்டுகளாக்கித் தளத்தில் பரப்பி ஒரு நாளுக்குக் குறையாமல் ஆறவிட்ட பிறகே ஐஸ் அறைக்குள் இறக்குவார்கள். இதில் அவசரப்பட்டால் நட்டம். கொழுப்புப் போர்வைக்குள் இருந்த சூடு எளிதில் இறங்காது. சூட்டோடு அடுக்கினால் நடுத்துண்டு புளித்து நாறும், முழு அடுக்கும் போகும்.

கண்காணிப்புக்கு 2006 முதல் "நீலப் பெட்டி" என்ற கருவி. துப்பாக்கி வெடித்ததையும் தளத்தில் ஏறிய எடையையும் படகு இருந்த இடத்தையும் அதுவே பதிந்துகொள்ளும். ஒவ்வொரு திமிங்கலத்தின் திசுத் துண்டும் மரபணுப் பதிவேட்டுக்குப் போகும். சந்தையில் கிடைக்கும் கறியை அதோடு ஒப்பிட்டுக் கள்ளக்கறியைக் கண்டுபிடிக்கலாம்.

எங்கே பிசகுகிறது? உடனே சாகிறதா?

வேட்டை எதிர்ப்பின் இன்றைய மையம் இதுதான்.

வெற்று ஈட்டி காலத்தில், 1981-83ல், நார்வேயில் உடனே செத்தவை 17 சதவீதம்தான். 2011, 2012 பருவங்களில் 271 மின்கேக்களைப் பார்த்த ஆய்வில் 82 சதவீதம் உடனே செத்தன. பெரிய முன்னேற்றம். மீதி 18 சதவீதத்துக்கு ஆன நேரத்தின் இடைநிலை ஆறு நிமிடம்; அதாவது பாதி அதற்குள், பாதி அதற்கு மேல்.

பெரிய ஃபின் திமிங்கலத்தில் நிலைமை மோசம். ஐஸ்லாந்தின் உணவு, கால்நடை ஆணையம் 2023 மேயில் வெளியிட்ட அறிக்கை 2022 பருவத்தைப் பற்றியது. அந்தப் பருவத்தில் பிடித்தவை 148. ஒன்றுக்கு மேற்பட்ட முறை சுடப்பட்டவை 36. நேரில் கண்காணித்த 58ல் உடனே செத்தவை 59 சதவீதம். மற்றவற்றின் இடைநிலை நேரம் பதினொன்றரை நிமிடம். ஒரு திமிங்கலம் இரண்டு மணி நேரம் துடித்தது. முதுகில் ஈட்டியோடு தப்பிய ஒன்றை ஐந்து மணி நேரம் துரத்தியும் பிடிக்க முடியவில்லை.

காரணங்கள் துறைக்காரர்களுக்குப் புதிதல்ல. அலையில் படகு மூக்கு தூக்கும் கணத்தில் சுட்டால் குண்டு முதுகுக்கு மேலே அல்லது வாலுக்குப் போகும். நேர் பின்னாலிருந்து சுட்டால் ஈட்டி தசையோடு சறுக்கி, குண்டு மூளையிலிருந்து வெகுதூரத்தில் வெடிக்கும். சில குண்டுகள் வெடிப்பதே இல்லை. பெரிய உடலில் ஒரு அடி விலகினாலே வெடி அலை வலுவிழக்கும். மறுபடி குண்டேற்றிச் சுடும்வரை ஓடும் நிமிடங்கள்தான் அந்த அறிக்கையில் எண்களாக இருப்பவை.

2023ல் ஐஸ்லாந்தில் வேட்டை நின்றபோது ஊரில் என்ன ஆனது?

பருவம் தொடங்க ஒரு நாள் இருக்கும்போது, ஜூன் 20 அன்று, அமைச்சர் ஆகஸ்ட் 31 வரை வேட்டையை நிறுத்திவைத்தார். ஃபின் பிடிக்கும் அந்த ஒரே கம்பெனியின் ஹ்வால்ஃபியோர்ட் ஆலையில் கோடைக்காக ஆள் எடுத்தாகிவிட்டது. அறுப்பது, வெட்டுவது, உறைய வைப்பது என்று நாள் கணக்கில்லாமல் மிகைநேரம் பார்த்து இரண்டு மூன்று மாதத்தில் வருடச் சம்பாத்தியத்தின் பெரும் பங்கை எடுப்பவர்கள் அவர்கள். அக்ரானெஸ் ஊர்த் தொழிற்சங்கம் கொதித்தெழுந்தது. திமிங்கலம் கொல்வது சரியா என்பதைவிட, ஆணையை ஒரு நாள் முன்பு போடுவதா என்பதுதான் அங்கே பேச்சு. அந்த ஆணைக்குத் தெளிவான சட்ட அடிப்படை இல்லை என்று நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளர் 2024 ஜனவரியில் சொன்னார்.

செப்டம்பரில் கூடுதல் நிபந்தனைகளோடு திறந்தார்கள், 24 ஃபின் பிடிபட்டன. 2024ல் அனுமதி தாமதமாக வந்தது, படகு போகவில்லை. அந்த டிசம்பரில் ஐந்தாண்டு அனுமதி கிடைத்தும் 2025லும் போகவில்லை. கம்பெனி காட்டிய காரணம் ஜப்பானில் கறி விலை. அமைச்சரின் ஆணையால் நின்றது ஒரு கோடை, விலையால் நின்றது இன்னொரு முழுக் கோடை.

நார்வே ஒதுக்கீடு ஆயிரத்தைத் தாண்டுகிறதே, அவ்வளவும் பிடிக்கிறார்களா?

பாதி அளவுதான், சில வருடம் அதற்கும் குறைவு. 2021ல் ஒதுக்கீடு 1,278, பிடித்தது 575. 2023ல் 1,000க்கு 507. 2024ல் 1,157க்கு 415. 2025க்கு ஒதுக்கீட்டை 1,406 ஆக உயர்த்தியபோது உலகப் பத்திரிகைகள் "வேட்டை அதிகரிப்பு" என்று தலைப்பிட்டன. பிடிக்காமல் விட்டதன் ஒரு பகுதி அடுத்த வருட எண்ணில் சேர்வதால் ஒதுக்கீடு வீங்குகிறது. செய்தியில் ஒதுக்கீட்டு எண்ணைப் பார்த்தால் பக்கத்தில் பிடிபட்ட எண்ணையும் தேடுங்கள்.

பிடிக்காததற்குக் காரணம் திமிங்கலம் கிடைக்காதது அல்ல. படகுக்காரர் கடலுக்குப் போகும் முன்பே வாங்குபவரிடம் பேசிவிடுகிறார். கறியைப் பக்குவப்படுத்தும் ஆலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவர்கள் "போதும்" என்றால் துப்பாக்கியைக் கழற்ற வேண்டியதுதான். குறைந்தபட்ச விலையை மீனவர் விற்பனைச் சங்கம் வைக்கிறது என்றாலும், வாங்க ஆள் இல்லாத இடத்தில் குறைந்தபட்ச விலையால் என்ன பயன்? 1950 வாக்கில் சுமார் 350 படகுகள் இதில் இருந்தன. இப்போது பத்துப் பதினைந்து.

ஜப்பானில் 1962ல் மக்கள் உண்ட திமிங்கலக் கறி 2 லட்சம் டன்னுக்கு மேல். போருக்குப் பிந்தைய பள்ளிக்கூட மதிய உணவில் வளர்ந்த தலைமுறை அது. இப்போது 2,000 டன் அளவில் நிற்கிறது. 2024ல் சுமார் 750 கோடி யென்னில் கங்கேய் மாரு என்ற புதிய தாய்க்கப்பலை இறக்கி, அதே வருடம் ஃபின் திமிங்கலத்தையும் பட்டியலில் சேர்த்தார்கள். பெரிய கப்பலுக்குப் பெரிய விலங்கு வேண்டும், அதற்குப் பெரிய சந்தை வேண்டும். சந்தை எங்கிருந்து வரும் என்பதற்கு யோகோஹாமாவில் வைத்த கறி விற்பனை இயந்திரங்கள் பதிலாகத் தெரியவில்லை.

ஆணையம் அலாஸ்காவுக்கு அனுமதி தந்தது, ஜப்பானின் அயுகாவாவுக்குத் தரவில்லை. இது எப்படி நியாயம்?

ஆணையத்தின் விதியில் "பூர்வகுடி வாழ்வாதார வேட்டை" தனி வகை. அலாஸ்கா, ரஷ்யாவின் சுகோட்கா, கிரீன்லாந்து, கரீபியனின் பெக்வே ஆகிய இடங்களுக்கு அது உண்டு. பெக்வேக்கு வருடத்துக்கு அதிகபட்சம் நான்கு கூன்முதுகு. உணவுக்கும் பண்பாட்டுக்கும் பிடிக்கலாம், வணிகத்துக்குக் கூடாது.

ஜப்பான் தன் நான்கு கரையோர ஊர்களுக்கு 50 மின்கே தரும்படி 1980களின் பிற்பகுதியிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டது. கறி காசுக்கு விற்கப்படுகிறது என்பதால் மறுத்தார்கள். அயுகாவாக்காரர் கேட்பது: எங்கள் ஊரில் கறி அக்கம்பக்கத்துக்குப் பங்கும் போகிறது, கடைக்கும் போகிறது, கிரீன்லாந்திலும் கடையில் விற்கிறார்களே? இந்தக் கேள்விக்கு ஆணையத்திடம் திருப்தியான பதில் இல்லை என்பதே எங்கள் கருத்து. காசு கைமாறாத மீனவ ஊர் உலகில் எங்கும் கிடையாது. அதே சமயம், அந்த நான்கு ஊர்களின் பெயரைச் சொல்லியே டோக்கியோ அண்டார்க்டிகாவுக்கும் கப்பல் அனுப்பிக்கொண்டிருந்ததால்தான் அவர்களின் சிறிய கோரிக்கை யார் காதிலும் ஏறவில்லை.

அலாஸ்காவிலிருந்து ஒன்று கற்கலாம். 1977ல் அங்கே பிடிக்கும் போஹெட் என்ற வடதுருவத் திமிங்கலம் மிகக் குறைந்துவிட்டது என்று ஆணையம் அந்த வேட்டையையும் நிறுத்தப் பார்த்தது. திமிங்கலம் பனிக்கடியிலும் போகிறது, நீங்கள் பனி விளிம்பில் உட்கார்ந்து கண்ணில் பட்டதை மட்டும் எண்ணுகிறீர்கள் என்றார்கள் வேட்டைக்காரர்கள். தண்ணீருக்கடியில் ஒலிவாங்கி இறக்கிப் பார்த்தபோது அவர்கள் சொன்னது சரியானது. அங்கே ஒதுக்கீட்டில் கரைசேர்ந்தவை மட்டுமல்ல, ஈட்டி பட்டுத் தப்பியவையும் கணக்கு. காயத்தோடு போனதைக் கணக்கில் சேர்க்காத ஒதுக்கீடு அரைக் கணக்கு.

ஃபரோ தீவுகளில் நடப்பது வணிக வேட்டையா?

இல்லை. வட அட்லாண்டிக்கில் உள்ள அந்தத் தீவுகளில் பைலட் என்ற சிறிய திமிங்கலத்தின் கூட்டத்தைப் படகுகளால் விரிகுடாவுக்குள் ஓட்டி, கரையில் கொன்று, ஊரில் பங்கு பிரிப்பது அது. சிறிய இனங்களுக்கு ஆணையத்தின் தடை செல்லாது. 2021 செப்டம்பரில் ஒரே நாளில் 1,428 டால்ஃபின்களைக் கொன்றபோது தீவுக்காரர்களே முகம் சுளித்தார்கள்.

கறியில் பாதரசம் என்கிறார்களே?

இனத்தைப் பொறுத்தது. மீன், கணவாய் தின்னும் பல்லுள்ள வகைகளில் (பைலட், டால்ஃபின், பேர்டின் அலகுத் திமிங்கலம்) பாதரசம் சேர்வது அதிகம். கிரிலைச் சலித்துத் தின்னும் ஃபின், சேய் முதலியவற்றில் மிகக் குறைவு. மீனும் தின்னும் மின்கே இடையில். பைலட் கறியை இனி மனிதர் உண்ண வேண்டாம் என்று ஃபரோவின் தலைமை மருத்துவர்களே 2008ல் பரிந்துரைத்தார்கள். கர்ப்பிணிகள் எந்த இனமானாலும் தவிர்ப்பது நல்லது.

வலையில் தானாக மாட்டிய திமிங்கலத்தை விற்கலாமா?

தென்கொரியாவில் வேட்டை சட்டவிரோதம். ஆனால் தற்செயலாக மாட்டிச் செத்த மின்கேயைக் கடலோரக் காவல்படையிடம் காட்டி, ஈட்டிக் காயம் இல்லை என்று சான்று வாங்கி, ஏலத்தில் விடலாம். நல்ல அளவு என்றால் கோடிக்கணக்கான வொன் (தென்கொரிய நாணயம்) கிடைக்கும். மீனவர்கள் வைத்த பெயர் "கடல் லாட்டரி". இந்தப் பெயரே சட்டத்தின் ஓட்டையைச் சொல்லிவிடும்: உயிரோடு மாட்டியதை அவிழ்த்துவிட்டால் வலை கிழிந்த செலவு மட்டும்தான் மிச்சம், சாகும்வரை காத்திருந்தால் ஒரு வருட வருமானம். ஜப்பானிலும் 2001 முதல் நிலைவலையில் மாட்டியதை மரபணு மாதிரி கொடுத்துப் பதிந்துவிட்டு விற்கலாம்.

திமிங்கலம் காட்டும் சுற்றுலா வேட்டைக்கு ஈடாகுமா?

சில ஊர்களில் ஆகியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஆல்பனியில் கடைசி ஆலை 1978 நவம்பரில் மூடியது. இப்போது அதே ஆலை அருங்காட்சியகம். போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளில் கடைசித் திமிங்கலத்தைப் பிடித்தது 1987ல். அங்கே மலைமுகட்டுக் காவல் குடிசையிலிருந்து பைனாகுலரில் பார்த்துக் கீழே படகுக்குத் தகவல் சொல்வார்கள். குடிசையும் அந்தக் கண்ணும் அப்படியே இருக்கின்றன, இப்போது தகவல் போவது சுற்றுலாப் படகுக்கு. ஐஸ்லாந்தின் ஹுசாவிக் 1995லிருந்து இதில் பெயர் பெற்ற ஊர்.

ஆனால் வருமானம் அதே கைகளுக்குப் போவதில்லை. மீன்படகில் பயணி ஏற்ற முடியாது: தனி உரிமம், உயிர்காப்புச் சாதனம், காப்பீடு, மொழி தெரிந்த வழிகாட்டி எல்லாம் வேண்டும். அறுக்கும் கத்தியில் கைதேர்ந்தவருக்கு அங்கே வேலை இல்லை. விமான நிலையத்திலிருந்து தொலைவான ஊருக்கு ஆளே வராது. ரெய்க்யவிக் அருகே ஃபாக்ஸாஃப்ளோய் விரிகுடாவில் காட்டும் படகும் சுடும் படகும் ஒரே மின்கேயைத் தேடின. வேட்டை கூடாத எல்லையை 2017ல் விரித்தார்கள். சுடும் படகுகள் வெகுதூரம் போக வேண்டியதாயிற்று, எண்ணெய்ச் செலவு ஏறியது, 2020க்குள் மின்கே வேட்டைக்காரர்கள் தொழிலை விட்டார்கள். அவர்களில் யாருக்கும் சுற்றுலாப் படகில் இடம் ஒதுக்கி வைக்கவில்லை.

வேட்டையை முழுதும் நிறுத்தினால் நார்வேப் படகு என்ன ஆகும்?

பெரும்பாலும் கடலிலேயே இருக்கும். துப்பாக்கியைத் தாங்கும் முன்தளம், பாய்மரக் கூண்டு, வின்ச், மற்றதெல்லாம் மீன்படகுதான். நஷ்டம் விழுவது காட் பருவம் முடிந்த பிறகு வரும் கோடை மாதங்களில்: அந்த இடைவெளியில் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பிடித்துவைக்க வேறு மீன் ஒதுக்கீடு இருக்கிறதா என்பதுதான் படகுக்குப் படகு மாறும் கணக்கு. பெரிய ஒதுக்கீடு வைத்திருப்பவர் கவலைப்பட மாட்டார். சின்னப் படகுக்காரர் அந்த மூன்று மாதத்துக்கு ஆட்களை விட்டால், அடுத்த ஜனவரியில் காட் வரும்போது அவர்கள் திரும்பி வரமாட்டார்கள்.